மழுங்கிய கோடரிகளையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கற்கோடரிகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். படங்களில் இருந்தவை எல்லாம் கூர் கெடாத, வழவழப்பான கற்கள். மழுங்கிப்போன ஒன்றுகூட இல்லாதது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது.

பேரையூர்ப் பக்கம் எங்கள் உறவினர் வீட்டில் மருந்து அரைக்கும் கல்வத்துக்குக் குழவியாக ஒரு கருங்கல் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு முனை ஒடுங்கி, மறுமுனை அகன்றிருக்கும். அகன்ற முனையை இருபுறமும் சரிவாகத் தேய்த்துக் கூராக்கியிருக்கிறார்கள். குழவிக்கு எதற்குக் கூர்? அந்தக் கூர் இப்போது உருண்டுவிட்டது. ஒடுங்கிய முனையில் எதையோ தட்டித் தட்டிப் பொரிந்த தழும்புகள். அவற்றின் குழிகளில் சுக்கும் திப்பிலியும் அரைத்த பழுப்பு. காட்டை உழுதபோது கிடைத்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். என் கண்ணுக்கு அது புதிய கற்காலக் கோடரியாகவே தெரிகிறது. தொல்லியல் அறிந்தவர்கள் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

இதில் வியக்க ஒன்றுமில்லை. கல்லைச் செதுக்கி, கொத்திச் சமன்படுத்தி, பாறையில் மணலும் நீரும் விட்டுத் தேய்த்து ஒரு கோடரி செய்வது பெரும்பாடு. அப்படிச் செய்த கருவியை யார்தான் எளிதில் எறிவார்கள்? முனை மழுங்கினால் மறுபடி தீட்டினார்கள். தீட்டத் தீட்டக் கல் குறுகியது. இனித் தீட்ட முடியாது என்றானபின் அதையே சுத்தியலாகவும் அரைக்கும் கல்லாகவும் வைத்துக்கொண்டார்கள். பிற்காலத்தவரும் விடவில்லை. சேர்வராயன் மலையில் மக்கள் இக்கற்களைப் பொறுக்கிவந்து தங்கள் சிறு கோயில்களில் வைத்திருந்ததை, 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் குறித்திருக்கிறார்.

ஆகவே அந்தத் தழும்பைச் சேதம் என்று ஒதுக்குவது அநியாயம். மரம் வெட்டிய காலத்தைவிட மருந்து அரைத்த காலம் நீண்டதாகக்கூட இருக்கலாம். அருங்காட்சியகக் குறிப்புகளில் ‘கோடரி, புதிய கற்காலம்’ என்பதோடு நிறுத்தாமல், கல் யாரிடம் இருந்தது, எதற்குப் பயன்பட்டது என்பதையும் எழுத வேண்டும். ஒப்படைக்கும் வீட்டாரும் தேய்த்துக் கழுவிப் பளபளப்பாக்கிவிடக் கூடாது. குழிகளில் ஒட்டியிருக்கும் மாவுத்துகளைக் கொண்டே எந்தத் தாவரம் அரைபட்டது என்று கண்டறிய ஆய்வு முறைகள் இருக்கின்றன.

புதையல் என்று சொல்லி வழக்கில் மாட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் பலர் வாயே திறப்பதில்லை. மண்ணில் கிடைத்த மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்வது. மறைப்பதுதான் குற்றம். இதை ஊராட்சிதோறும் அதிகாரிகள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மதுரை காந்தி அருங்காட்சியக வளாகத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்திலோ, 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்திலோ இத்தகைய கற்களுக்கென ஒரு பேழை ஒதுக்கினால், எங்கள் உறவினர்களிடம் பேசி அந்தக் குழவியைக் கொண்டுவந்து காட்டுவதற்கு நான் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மதுரை மாவட்டம்