பெட்டியைத் திருப்பிப் பார், மலர்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் மலர்,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று வாசித்ததும் மனம் நிறைந்துபோனது. இங்கே மழைதான். காலி வீதி பின்னேரம் நான்கு மணிக்கே வாகனத்தால் நிறைந்துவிடுகிறது. மற்றதெல்லாம் வழமைபோல.

இனி உன் பல்லுக்கு வருகிறேன். ஐஸ்கிரீம் பட்டால் இடப்பக்க மேல்பற்கள் சுரீரென்று கூசுகின்றன, இரண்டு மூன்று நொடியில் போய்விடுகிறது, எந்தப் பேஸ்ட் நல்லது, ஒரு பெயர் சொல்லு என்று கேட்டிருந்தாய். பெயர் மட்டும் சொன்னால் போதாது. ஒரே பெயருக்குள் வேறு வேறு மருந்து இருக்கிறது. மகள் நியூ ஜேர்சியிலிருந்து அனுப்பிய சென்சொடைன் ரிப்பேர் அன்ட் புரொடெக்ட் ரியூபையே உதாரணத்துக்கு எடுத்துக்கொள். அமெரிக்காவில் விற்பதில் வேலை செய்வது ஸ்டேனஸ் புளோரைட். அதே பெயரில் வேறு பல நாடுகளில் வந்தது நோவாமின் என்ற இன்னொரு மருந்தோடு. அதனால் கடையில் பெட்டியைத் திருப்பிப் பிடித்துப் பொடி எழுத்தை வாசி. கண்ணாடியை மறக்காதே.

வாசிக்க முதல், பல் ஏன் கூசுகிறது என்று தெரிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் மிளிரி என்று படித்தோமே, அந்த எனாமல் பல்லின் தலைப்பக்கத்தை மட்டும்தான் மூடியிருக்கிறது. முரசு (ஈறு) பின்வாங்கினால் வேர்ப்பக்கம் வெளியே வந்துவிடும். அங்கே டென்டின் என்ற பல்லின் உட்படைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் நரம்புப் பக்கம் போகின்றன. அவற்றுக்குள் நீர் இருக்கிறது. குளிர் பட்டதும் அந்த நீர் அசைகிறது, நரம்பு விழித்துக்கொள்கிறது. ஆகப் பேஸ்ட்டால் செய்யக்கூடியது இரண்டுதான்: நரம்பை அடக்குவது, அல்லது குழாயின் வாயை அடைப்பது.

நரம்பை அடக்குவது பொட்டாசியம் நைட்ரேட். பெட்டியில் 5 சதவீதம் என்று இருக்க வேண்டும். காலையும் இரவும் தவறாமல் தீட்டினாலும் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை ஆகும். ஐந்தாம் நாளே 'இது சரிவரேல்லை' என்று வேறு ரியூப் வாங்குபவர்கள்தான் அதிகம், அங்கேதான் காசு வீணாகிறது. நிறுத்தினால் கூச்சம் மெல்லத் திரும்பி வரும், ஏனென்றால் குழாய்கள் திறந்தபடியேதான் இருக்கின்றன.

அடைப்பவற்றில் ஸ்டேனஸ் புளோரைட் (0.454 சதவீதம்) முரசில் இரத்தம் கசிகிறவர்களுக்கும் நல்லது. ஆனால் வாயில் உலோகச் சுவை வரும், மாதக்கணக்கில் பாவித்தால் சிலருக்குப் பல்லில் மண்ணிறக் கறை படியும். நீயோ நாளுக்கு ஐந்து பிளேன் டீ குடிப்பவள், கறை இன்னும் கூடும். ஆர்ஜினின் 8 சதவீதமும் கல்சியம் காபனேற்றும் சேர்ந்த பேஸ்ட் இன்னொரு வகை. அதைக் கூசுகிற இடத்தில் விரல்நுனியால் ஒரு நிமிடம் தேய்த்தால் அப்போதே ஆறுதல் தெரியும். உனக்கு நான் சொல்வது: பொட்டாசியம் நைட்ரேட் உள்ளதை வாங்கி நான்கு கிழமை பொறுத்துப் பார். பொறுமை இல்லையென்றால் ஆர்ஜினின்.

எதை எடுத்தாலும் புளோரைட் அளவைப் பார். சோடியம் புளோரைட் 0.32 சதவீதம் என்றால் ஏறக்குறைய 1450 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 1450 பங்கு), பெரியவர்களுக்கு அது போதும். வெண்மை தரும் என்று போட்டிருப்பதையும் கரி கலந்ததையும் தொடாதே. அவற்றில் பலவற்றுக்கு உராய்வு கூட, வேரின் மென்மையான பகுதியை அரைத்துவிடும். அம்மம்மா காலத்து உமிக்கரியும் அப்படித்தான். கராம்பு சேர்த்த பேஸ்ட் கொஞ்ச நேரம் விறைக்கப் பண்ணும், குழாயை அடைக்காது.

இப்போது கண்ணாடி முன்னால் நின்று உதட்டைத் தூக்கி, கூசுகிற பல் முரசைத் தொடும் இடத்தில் நகத்தை மேலிருந்து கீழாக மெல்ல ஓட்டிப் பார். நகம் ஒரு சிறு பள்ளத்தில் தட்டுப்பட்டால், கடினப் பிரஷால் குறுக்காக அழுத்தித் தேய்த்த தேய்மானமாக இருக்கலாம். வலக்கையால் தீட்டுபவர்களுக்கு இடப்பக்கக் கோரைப்பல்லிலும் அடுத்த பல்லிலும் அது கூடுதலாக வரும். கை அங்கேதான் பலமாக இறங்குகிறது. அதை மாற்றாமல் எந்தப் பேஸ்ட் வாங்கியும் பயனில்லை.

மென்மையான தும்புள்ள பிரஷ் வாங்கு. ஒரு அங்குல நீளம் பேஸ்ட் வைத்து, விரல்நுனியால் பேனையைப் பிடிப்பதுபோல் பிரஷைப் பிடித்து, முரசோரம் சின்ன வட்டமாக இரண்டு நிமிடம் தீட்டு. முடிந்ததும் துப்பு, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதே. கொப்பளித்தால் மருந்தெல்லாம் பேசினுக்குள் போய்விடும். இரவில் படுக்கமுன் கூசுகிற இடத்தில் கொஞ்சம் பூசிவிட்டுப் படு.

தேசிக்காய்த் தண்ணி, சோடா, விளாம்பழம், மிளகாயும் உப்பும் போட்ட அன்னாசி எல்லாம் புளி. புளி பட்டு மென்மையான பல்லை உடனே தேய்த்தால் தேய்மானம் கூடும். வெறும் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணித்தியாலம் பொறு.

பேத்திக்கு உன் பேஸ்ட்டை வைக்காதே. 12 வயதுக்குக் கீழே வைத்தியர் சொன்னால் மட்டும்தான் கூச்சப் பேஸ்ட். அவளுக்கு அரிசிமணி அளவு சாதாரண புளோரைட் பேஸ்ட் போதும்.

குளிரை எடுத்த பிறகும் வலி நிமிடக்கணக்கில் நின்றால், சூட்டுக்கு வலித்தால், இரவில் தானாக எழுப்பினால், கடித்து விடும்போது சுரீரென்றால், அல்லது ஒரே ஒரு பல் மட்டும் என்றால், அது பேஸ்ட்டின் வேலை இல்லை. சூத்தையோ வெடிப்போ இருக்கலாம். நான்கு கிழமையில் குறையாவிட்டாலும் காட்டத்தான் வேண்டும். கலியாணத்துக்குக் கொழும்பு வரும்போது வோட் பிளேஸில் இருக்கிற தேசிய பல் வைத்தியசாலைக்கு ஒரு காலை ஒதுக்கு, நானும் வருகிறேன்.

வரும்போது இப்போது பாவிக்கிற பிரஷையும் எடுத்து வா. தும்புகள் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தால் நீ எவ்வளவு அழுத்துகிறாய் என்று சொல்லிவிடலாம்.

அன்புடன்,
வசந்தி