புல்ஸ்னிட்ஸ் ஊரின் கதை தமிழில் அச்சேற உங்கள் உதவி வேண்டும்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், டிரெஸ்டனுக்கு வடகிழக்கே இருக்கிறது புல்ஸ்னிட்ஸ் என்ற சின்னச் சந்தை ஊர். டிரெஸ்டனில் காமென்ஸ் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடலாம். 8,000 பேருக்கும் குறைவாகவே வாழ்கிறார்கள். இந்த ஊரின் கதையைத் தமிழில் 96 பக்க நூலாகக் கொண்டுவர, டிரெஸ்டனைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து இரண்டு ஆண்டுகளாக வேலை செய்து வருகிறோம். எழுதி முடித்துவிட்டோம். அச்சிடப் பணம் போதவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஏன் இந்த ஊர் என்று கேட்பீர்கள். தரங்கம்பாடிக்குப் போனவர்கள், அங்கே கிறித்தவச் சமயப் பணிக்கு வந்த ஜெர்மானியர் சீகன்பால்கின் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அவர் 1682ல் பிறந்தது புல்ஸ்னிட்ஸில்தான். அவரைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர் ஊரைப் பற்றி நாங்கள் படித்ததெல்லாம் ஒரு வரிதான்: ஜெர்மனியில் ஒரு சிற்றூரில் பிறந்தார், அவ்வளவு. அடுத்த வரியில் கப்பல் ஏறிவிடுவார். அந்த ஊரின் தெருக்களில் நடந்துவிட்டு வந்த பிறகு, அந்த ஒரு வரி எங்களுக்குப் போதவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் வருவது வாசனை. இலவங்கப்பட்டை, கிராம்பு, ஏலக்காய், கொத்தமல்லி எல்லாம் தேனோடு சேர்ந்து அடுப்பில் வேகும் வாசனை. ஃபெஃபர்கூகன் என்ற மசாலா ரொட்டிக்குப் பேர் போன ஊர் இது. ஃபெஃபர் என்றால் மிளகு, கூகன் என்றால் கேக். ஆனால் நாம் நினைக்கிற மிளகு இதில் முக்கியமில்லை. கடல் தாண்டி வந்த வாசனைப் பொருள் எதுவானாலும் அந்தக் காலத்து ஜெர்மானியர் ஃபெஃபர் என்றே சொன்னார்கள். நம் மேற்குக் கரையின் மிளகு ஐரோப்பியச் சந்தையில் அவ்வளவு பெரிய சரக்காக இருந்ததால், மற்ற எல்லாவற்றுக்கும் அதன் பெயரே ஒட்டிக்கொண்டது. ரொட்டிசுடுபவர்கள் இதைச் செய்து விற்க 1558ல் உரிமை பெற்றார்கள். அப்போதிலிருந்து இந்தத் தொழில் ஊரோடு ஒட்டியே இருக்கிறது. பரம்பரையாகச் செய்யும் குடும்பங்களின் கடைகள் இன்றும் இருக்கின்றன.

செய்முறையைக் கேட்டபோது எங்களில் சமையல் தெரிந்தவர்கள் அசந்துபோனார்கள். வெண்ணெய் கிடையாது, முட்டை கிடையாது, பாலும் கிடையாது. மாவைத் தேனோடோ சர்க்கரைப் பாகோடோ பிசைந்து வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கிடக்க விடுகிறார்கள். அது கல் மாதிரி இறுகிப்போகும். அதை உடைத்து மறுபடி பிசைந்து, அப்புறம்தான் மசாலா சேர்க்கிறார்கள். என்ன மசாலா, எவ்வளவு அளவு என்பது வீட்டு ரகசியம். நம் வீடுகளில் ஒருவர் சாம்பார்ப் பொடி இன்னொருவர் வீட்டுப் பொடி மாதிரி இருக்காதே, அதே கதைதான். நூலில் மிக நீளமான அத்தியாயம் இதுதான். குறைக்கச் சொன்னவர்களுக்கு நாங்கள் இணங்கவில்லை.

இந்த ஊரின் இன்னொரு தொழில் நீல அச்சுத் துணி. வெள்ளைத் துணியில் மரக்கட்டை அச்சால் ஒரு பசையைப் பதித்து, உலரவிட்டு, அவுரிச் சாயத் தொட்டியில் முக்குகிறார்கள். வெளியே எடுக்கும்போது துணி மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண் முன்னாலேயே நீலமாகிறது. பசையைக் கழுவினால், அது இருந்த இடத்தில் வெள்ளைப் பூக்கள். ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் எஞ்சியிருக்கும் இந்தக் கலையை யுனெஸ்கோ 2018ல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. புல்ஸ்னிட்ஸில் இன்றும் ஒரு பட்டறை நடக்கிறது. அவுரி கடல்வழியாக இந்தியாவிலிருந்து வந்து, அங்கே பயிரான பழைய நீலச்செடியின் இடத்தைப் பிடித்தது. எங்கள் பிள்ளைகளைப் பட்டறைக்குக் கூட்டிப்போன அன்று, துணி நிறம் மாறியதைப் பார்த்து அவர்கள் போட்ட சத்தத்தில்தான் இந்த நூல் யோசனை பிறந்தது என்று சொல்லலாம்.

ஊர்ப் பெயரே ஆற்றின் பெயர். ஸ்லாவிய வேரிலிருந்து வந்தது. ஊர் 1225ல் முதன்முதலாக ஆவணத்தில் வருகிறது. அந்தச் சிற்றாறு பல காலம் இரண்டு நாடுகளுக்கு எல்லையாக ஓடியது: ஒரு கரை மைசன், மறு கரை மேல் லவுசிட்ஸ். பக்கத்து ஊர்களில் சோர்பியம் என்ற ஸ்லாவிய மொழி பேசும் மக்கள் இன்றும் தங்கள் மொழியைக் காத்து வருகிறார்கள். சந்தைத் திடலில் நிற்கும் சிலை எர்ன்ஸ்ட் ரீட்ஷெலுடையது. 1804ல் இங்கே ஏழை வீட்டில் பிறந்து, வைமார் நகரில் ஜெர்மன் கவிஞர்கள் கோத்தேயும் ஷில்லரும் சேர்ந்து நிற்கும் புகழ்பெற்ற சிலையை வடித்தவர்.

இந்தச் சந்தையின் பிள்ளைதான் சீகன்பால்கும். அப்பா தானிய வியாபாரி. சிறு வயதிலேயே பெற்றோர் இருவரும் இறந்துவிட, அக்காவின் பொறுப்பில் வளர்ந்தார். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு 24 வயது ஆகும் தறுவாய். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். இரண்டே ஆண்டுகளில் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மனில் எழுதிவிட்டார். தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு 1708லேயே ஒரு பட்டியல் தயாரித்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715ல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716ல் ஹாலெ நகரில் வெளிவந்தது. 1719ல் 36 வயதில் இறந்து, தாம் கட்டிய தேவாலயத்திலேயே அடக்கமானார். அவருடைய சமயப் பணி பற்றி எங்கள் குழுவுக்குள்ளேயே பல கருத்துகள் உண்டு. எங்களில் எல்லாச் சமயத்தாரும் இருக்கிறோம். கொன்றைவேந்தனை ஜெர்மனுக்குக் கொண்டுபோனவரின் ஊரை நாம் அறிந்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் யாருக்கும் இரண்டு கருத்தில்லை.

சரி, கணக்குக்கு வருகிறோம். மொத்தச் செலவு 9,200 யூரோ. 1,500 பிரதிகள் அச்சிட 4,600, படங்களுக்கும் கோட்டோவியங்களுக்கும் 1,900, இடது பக்கம் வரும் ஜெர்மன் சுருக்கத்தைத் திருத்த 1,200, அனுப்பும் செலவு 1,500. எங்கள் வீடுகளிலிருந்தும் நண்பர்களிடமிருந்தும் இதுவரை 3,750 யூரோ சேர்ந்திருக்கிறது. இன்னும் 5,450 வேண்டும். எழுதியவர்கள், தட்டச்சு செய்தவர்கள், பிழை பார்த்தவர்கள் யாரும் ஒரு சென்ட்கூட வாங்கவில்லை, வாங்கப்போவதும் இல்லை.

நூல் விற்பனைக்கு இல்லை. 500 பிரதிகள் ஜெர்மனியில் இருக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்குப் போகும். 700 பிரதிகள் தரங்கம்பாடி, பொறையாறு, மயிலாடுதுறை பக்கத்துப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும். மிச்சம் நன்கொடை தந்தவர்களுக்கும், ஊரைப் பார்க்க வரும் தமிழர்கள் எடுத்துப் படிக்கப் புல்ஸ்னிட்ஸிலும். 25 யூரோ தந்தால் நான்கு பிரதிகளின் முழுச் செலவு தீரும். ஐந்து யூரோ என்றாலும் தயங்காதீர்கள். போன மாதம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தன் உண்டியலை அப்படியே கொண்டுவந்து கொடுத்தது. அந்தப் பெயரும் நூலின் கடைசிப் பக்கத்தில் வரும். பெயர் வேண்டாம் என்பவர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வங்கிக் கணக்கு விவரம் கூடவே வரும் தாளில் இருக்கிறது. பணம் வந்ததும் பொருளாளர் ரசீது அனுப்புவார். அச்சகத்தின் பில் உட்பட முழு வரவு செலவும் நன்கொடையாளர் எல்லோருக்கும் வரும். போதிய பணம் சேராவிட்டால் பிரதிகளைக் குறைத்து அச்சிடுவோம். உங்கள் பணத்தை வேறு வேலைக்குத் திருப்ப மாட்டோம்.

பணம் தர முடியாதவர்கள் வேறு விதத்தில் உதவலாம். தரங்கம்பாடி வட்டாரத்தில் நூலை ஏற்றுக்கொள்ளும் பள்ளி எது என்று சொல்லுங்கள். ஜெர்மன் பக்கங்களை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஊருக்குப் போய் வந்தவர்கள் எடுத்த நல்ல படம் இருந்தால் கொடுங்கள்.

ஆகஸ்ட் கடைசிக்குள் பணம் சேர்ந்தால் செப்டம்பரில் அச்சுக்குக் கொடுத்துவிடலாம். நவம்பர் தொடக்கத்தில் புல்ஸ்னிட்ஸ் சந்தைத் திடலில் ஃபெஃபர்கூகன் திருவிழா நடக்கும். நூலின் முதல் பிரதியை அன்றைக்கு ஊர்க்காரர்கள் கையில் கொடுக்க ஆசைப்படுகிறோம். வர முடிந்தவர்கள் குடும்பத்தோடு வாருங்கள்.

அன்புடன்,
நூல் வெளியீட்டுக் குழு,
டிரெஸ்டன்