ஜோடி ஜோடியாக எண்ணச் சொன்னவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கமுங்க.

'காய்க் கணக்கு' மாதிரிச் செயலி ஒருவழியாக முடிந்துவிட்டது. போன் செயலி எழுத உதவும் ஃப்ளட்டர் என்ற கருவியைப் பழக வரும் நம் பொள்ளாச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் முதல் நாளே திறந்து, பிரித்துப் பார்த்து, மாற்றிப் பழக ஒரு செயலி. மூன்று வாரத்து வேலை என்று உட்கார்ந்தேன், ஐந்து மாதம் இழுத்துவிட்டது. இந்த ஐந்து மாதமும் நான் எதையாவது சேர்த்துக்கொண்டே இருந்தேன், நீங்கள் எடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். அதற்குத்தான் இந்த நன்றி.

ஃப்ளட்டரில் புதுத் திட்டம் தொடங்கினால் அதுவே ஒரு செயலியைப் போட்டுத் தருகிறது. திரை நடுவில் ஒரு எண், ஓரத்தில் கூட்டல் குறி போட்ட பொத்தான். தட்டத் தட்ட எண் ஏறும், அவ்வளவுதான். பிள்ளைகள் நாலு தட்டு தட்டிவிட்டு, "அப்புறம் என்னங்க பண்றது?" என்று நிமிர்ந்து பார்க்கிறார்கள். 2021இல் வந்த ஃப்ளட்டர் 2.5 பதிப்பில் 'ஸ்கெலட்டன்' என்று இன்னொரு மாதிரி கொடுத்தார்கள். பட்டியல், விவரப் பக்கம், அமைப்புகள் பக்கம், மொழிக் கோப்பு என்று ஒழுங்காக அடுக்கியிருந்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் ஃப்ளட்டரில் நிரல் எழுதும் டார்ட் மொழியையே போன வாரம்தான் பார்த்த பிள்ளைக்கு அத்தனை கோப்புகளை ஒரே நேரத்தில் கண்டால் தலை சுற்றும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டியிருந்தது.

முதல் நன்றி, ஆனைமலைப் பக்கம் எங்கள் அப்புச்சி தென்னந்தோப்பில் தேங்காய் எண்ண வரும் பெரியவருக்கு. வெட்டு முடிந்து காய் குவிந்து கிடந்த ஒரு நாள், போனை அவர் கையில் கொடுத்து, ஒரு காய்க்கு ஒரு தட்டு தட்டச் சொன்னேன். இரண்டு தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏங்கண்ணு, ஒவ்வொண்ணா ஆரு எண்ணுவாங்க? ரெண்டு கையி, ரெண்டு காயி. ஜோடியாத்தான் எண்ணோணும்." குனிந்து, கைக்கு ஒன்றாக எடுத்து, அந்தப் பக்கம் போட்டுக்கொண்டே எண்ணிக் காட்டினார். முதல் ஜோடிக்கு 'ஒண்ணு' என்று சொல்லமாட்டார், 'லாபம்' என்பார். நூறு ஜோடி ஆனதும் ஒரு காயை அடையாளத்துக்குத் தனியே வைத்தார்.

அன்று ராத்திரியே, தட்டினால் இரண்டு கூடுகிற மாதிரி மாற்றினேன். ஒரே வரி. ஆர்வக் கோளாறில், முதல் தட்டுக்குத் திரையில் 'லாபம்' என்று வரவும் எழுதி வைத்தேன். அடுத்த வெட்டில் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அதைய நான் வாயில சொல்லிக்கறன் சாமி, போனுல எதுக்கு?" அதை எடுத்துவிட்டேன்.

அந்த ஒரு வரி மாற்றம்தான் செயலியின் முதல் பாடமே ஆனது. இதற்குக் காரணம் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி. ஃப்ளட்டர் தரும் செயலியோடு ஒரு சோதனைக் கோப்பும் வரும். முதலில் 0 இருக்கிறதா, பொத்தானைத் தட்டினால் 1 வருகிறதா என்று அது பார்க்கும். பிள்ளைகள் குழம்புவார்கள் என்று நான் அந்த ஃபோல்டரையே அழித்திருந்தேன். "அதை மட்டும் திரும்பப் போடுங்கண்ணா" என்று அந்தப் பெண் விடவே இல்லை. சரி என்று போட்டேன். இப்போது பிள்ளைகள் ஒன்றை இரண்டாக மாற்றுகிறார்கள், சோதனையை ஓட்டுகிறார்கள், சிவப்பில் தோல்வி என்று வருகிறது. தப்பு செயலியிலா, சோதனையிலா என்று அங்கேயே ஒரு சண்டை கிளம்புகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் நடந்தது. நான் வாயே திறக்கவில்லை.

உடுமலையிலிருந்து வந்த மாணவி ஒருத்திக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் எல்லாம் அழகாக நின்ற திரையை அவள் தமிழுக்கு மாற்றினாள். 'சேவ்' இருந்த இடத்தில் 'எண்ணிக்கையைச் சேமிக்கவும்' வந்து உட்கார, வலது ஓரத்தில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை பாய்ந்துவிட்டது. எழுத்து இடம் கொள்ளாமல் வழிந்தால் ஃப்ளட்டர் அப்படித்தான் கத்தும். 'சேமி' என்று சுருக்கிவிடலாம் என்றேன். "அடுத்த சொல்லும் நீளமா வந்தா என்னங்க சார் பண்ணுவீங்க?" என்று கேட்டாள். நியாயம்தான். மீதி இடத்துக்குள் எழுத்தை அடக்கும் எக்ஸ்பாண்டட் என்ற விட்ஜெட்டை (திரைத் துண்டை)ப் போட்டு வரிசையைச் சரிசெய்தோம், நீளச் சொல் அப்படியே இருக்கிறது.

விளக்கக் குறிப்புகளைத் திருத்திய சின்னம்மாவுக்கும் நன்றி. செயலி அந்த நேரத்தில் நினைவில் வைத்திருக்கும் நிலையைக் குறிக்கும் 'ஸ்டேட்' என்பதை, மொழிபெயர்ப்புக் கருவியை நம்பி 'மாநிலம்' என்று விட்டிருந்தேன். சின்னம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தட்டினா எந்த மாநிலம்டா மாறும்?" இப்போது எல்லா இடத்திலும் 'ஸ்டேட்' என்றே இருக்கிறது.

இந்த ஸ்டேட்டைக் கையாள ரிவர்பாட், பிளாக் போன்ற வெளிப் பொதிகள் (மற்றவர்கள் எழுதிவைத்த நிரல் தொகுப்புகள்) வேண்டும் என்று வாதாடிய தம்பிகளே, உங்கள் மேல் கோபமில்லை. வெளிப் பொதி எதுவும் இல்லாமல், எண் மாறியதும் திரைக்குச் சொல்ல ஃப்ளட்டருக்குள்ளேயே இருக்கும் சேஞ்ச் நோட்டிஃபையரோடு நிறுத்திக்கொண்டேன். அடுத்ததை அவரவர் தேவை வரும்போது தேடிக்கொள்ளட்டும்.

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முதல் நாள் இணையத்தைத் திறந்துவிடவே இல்லை. ஆண்ட்ராய்டு போனுக்குச் செயலியை முதல்முறை கட்டும்போது, அதைக் கட்டித் தரும் கிரேடில் என்ற கருவி என்னென்னவோ இறக்கும். இணையம் இல்லாமல் ஒன்றும் நகராது. தன் கடை வைஃபையைத் திறந்துவிட்டு, இருபது பேருக்கு டீயும் கொடுத்த பேக்கரி அண்ணனுக்குப் பெரிய கும்பிடு.

4 ஜிபி ரேம் மடிக்கணினியில் எமுலேட்டர் (கணினிக்குள் ஓடும் போலி போன்) திணறும் என்று தெரிந்து, பழைய போன்களைக் கொடுத்து உதவியவர்களுக்கும் நன்றி. கேபிளைச் செருகியதும் சோதிக்க அவைதான் கைகொடுத்தன. அதில் இரண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன, பொங்கலுக்குள் கொண்டுவந்து தந்துவிடுகிறேன். ஒன்றில் திரை ஓரம் கீறியிருக்கும். நான் வாங்கும்போதே அப்படித்தானுங்க இருந்தது.