பெரிய எஸ்யூவி மதிப்புரைகளில் சஸ்பென்ஷன் விவரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பெரிய எஸ்யூவிகளைப் பற்றிய மதிப்புரைகளில் எஞ்சினின் திறன், திரையின் அளவு, கேமராக்களின் எண்ணிக்கை ஆகியவை விரிவாக இடம்பெறுகின்றன. ஆனால், ஓட்டிப் பார்த்த வண்டியில் இருந்தது சாலைக்கு ஏற்பத் தானே மாறிக்கொள்ளும் அடாப்டிவ் சஸ்பென்ஷனா, சாதாரண சஸ்பென்ஷனா என்பதும், அதில் எத்தனை அங்குலச் சக்கரம் பொருத்தப்பட்டிருந்தது என்பதும் பல நேரங்களில் ஒற்றை வரியில்கூட வருவதில்லை. மதிப்புரைக்குக் கிடைப்பது பெரும்பாலும் எல்லா வசதிகளும் கொண்ட டாப் மாடல். வாசகர்களில் பலர் வாங்குவதோ அதற்கு ஓரிரு படி கீழே உள்ள மாடல். 'பள்ளம் மேடு தெரியவே இல்லை' என்ற வரியை நம்பி ஒருவர் முன்பதிவு செய்யும் வண்டியில், அந்தச் சொகுசைத் தந்த பாகமே இல்லாமல் போகலாம். ஆகவேதான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கி எழும் ஸ்பிரிங் திரும்பத் திரும்பத் துள்ளாதபடி அடக்குவது ஷாக் அப்சார்பர். அதன் உள்ளே இருக்கும் பிஸ்டன் எண்ணெயைக் குறுகிய வால்வுகள் வழியே தள்ளும்போது, துள்ளலின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. சாதாரண வகையில் அந்த வால்வுகள் தொழிற்சாலையில் அமைத்தபடியே கடைசிவரை இயங்கும். அடாப்டிவ் வகையிலோ, சக்கரத்தின் அசைவையும் பாடியின் ஆட்டத்தையும் சென்சார்கள் கவனித்துச் சொல்ல, எண்ணெய் செல்லும் வழியை மின்வால்வு ஒன்று சில மில்லி விநாடிகளில் அகலமாக்குகிறது அல்லது குறுக்குகிறது. இன்னொரு முறையில், இரும்புத் துகள் கலந்த திரவத்தைக் காந்தப்புலம் இறுகச் செய்கிறது. இம்முறை 2002ஆம் ஆண்டின் காடிலாக் செவில் காரில் அறிமுகமாகி, பிறகு எஸ்கலேட் போன்ற பெரிய எஸ்யூவிகளுக்கும் வந்து சேர்ந்தது.

இவை எதுவும் ஸ்பிரிங்கின் வலுவை மாற்றுவதில்லை. ஏழு பேரும் சாமான்களும் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தால், அடாப்டிவ் ஷாக் அப்சார்பர் அதைத் தூக்கி நிறுத்தாது. அது, காற்றடைத்த பைகளையே ஸ்பிரிங்காகக் கொண்ட ஏர் சஸ்பென்ஷனின் வேலை. இரண்டும் சேர்ந்து வரும் வண்டிகளும் உண்டு, ஒன்று மட்டும் இருக்கும் வண்டிகளும் உண்டு. விற்பனையாளர் 'எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன்' என்று பொதுவாகச் சொன்னால், எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிறிய காரைவிடப் பெரிய எஸ்யூவியில் இந்தத் தேர்வு ஏன் முக்கியமாகிறது என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்திருக்கும் பாடி விநாடிக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை முறை மெதுவாக ஆட முனைகிறது. சக்கரமும் அதைச் சார்ந்த பாகங்களுமோ விநாடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை அதிர முனைகின்றன. ஷாக் அப்சார்பரைக் கடினமாக வைத்தால் பாடியின் ஆட்டம் அடங்கும், ஆனால் சாலையின் சிறு சிராய்ப்புகள்கூட இருக்கை வரை வந்து சேரும். மென்மையாக வைத்தால் அந்தச் சிறு அதிர்வுகள் மறையும், ஆனால் நெடுஞ்சாலையின் நீண்ட ஏற்ற இறக்கங்களில் வண்டி மிதந்து மிதந்து இறங்கும். போதாததற்கு, இரண்டரை டன் வண்டியில் ஓட்டுநர் ஒருவர் மட்டும் இருக்கும்போதும், எல்லா இருக்கைகளும் நிரம்பிச் சாமான்களும் சேரும்போதும் உள்ள எடை வித்தியாசம் அரை டன்னைத் தாண்டிவிடும். தனியாக ஓட்டும்போது அளவாக இருந்த ஷாக் அப்சார்பரின் அதே அடக்கும் திறன், நிறைந்த வண்டிக்குப் போதாமல் போகிறது. சாதாரண சஸ்பென்ஷனை வடிவமைக்கும் பொறியாளர் இத்தனைக்கும் நடுவே ஏதோ ஓர் இடத்தில் நின்றாக வேண்டும். உயரமான உடலும் மேலே இருக்கும் எடையும் வளைவுகளில் சாய்வதைக் கட்டுப்படுத்த வேண்டியிருப்பதால், அந்த இடம் பெரும்பாலும் சற்றுக் கடினமான பக்கமாகவே அமைகிறது. நிலைமைக்கு ஏற்ப அடக்கத்தை மாற்றும் எண்ணம் புதிதும் அல்ல. பாடியை வானத்தில் ஒரு கொக்கியில் தொங்கவிட்டதுபோல் நிலையாக வைத்திருக்கும் 'ஸ்கைஹூக்' கோட்பாட்டைப் பொறியாளர் கார்னாப்பும் அவருடன் பணியாற்றியவர்களும் 1974லேயே வெளியிட்டுவிட்டார்கள்.

இந்த வித்தியாசம் ஓட்டுநர் இருக்கையைவிடப் பின்வரிசைகளில்தான் தெளிவாகத் தெரியும். மூன்றாம் வரிசை இருக்கை ஏறக்குறைய பின்சக்கரங்களின் மேலேயே அமைந்திருக்கிறது. வேகத்தடையைத் தாண்டிய முன்சக்கரங்கள் இறங்கி, பின்சக்கரங்கள் ஏறும் நொடியில் அங்கே இருப்பவரின் உடல் இருக்கையை விட்டு எழுந்து, மறுநொடி 'தொப்' என்று அமர்கிறது. நல்ல அடாப்டிவ் அமைப்பு உள்ள வண்டியில் அந்த இரண்டாவது துள்ளல் பெரும்பாலும் வருவதில்லை. மலைப்பாதை வளைவுகளில் இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்வதும் குறைகிறது; பயணத்தில் குமட்டல் வரும் குழந்தைகளோடு செல்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

இதனால் சாதாரண சஸ்பென்ஷன் தாழ்ந்தது என்று ஆகிவிடாது. வேகமான சிறு அதிர்வுக்கும் மெதுவான பெரிய ஆட்டத்துக்கும் வேறுவேறாக நடந்துகொள்ளும் வால்வு அமைப்பு, மின்சாரமே இல்லாமல், முழுக்க இயந்திர முறையிலேயே சில வண்டிகளில் இன்று கிடைக்கிறது. அதைவிட முக்கியமானது சக்கரத்தின் அளவு. சஸ்பென்ஷன் எதுவானாலும் குழியின் கூரிய விளிம்பில் முதல் அடியை வாங்குவது டயரின் பக்கச்சுவர்தான். 18 அங்குலச் சக்கரத்தில் உயரமாக இருக்கும் அந்தச் சுவர், வெளிவட்டம் அதே அளவில் இருக்க 21, 22 அங்குல அலாய் வீல் போட்டதும் மெலிந்து போகிறது. பெரிய சக்கரம் பொதுவாக எடையும் கூடியது. எடை கூடிய சக்கரத்தை அடக்குவது எந்த ஷாக் அப்சார்பருக்கும் கடினம். பல நிறுவனங்கள் அடாப்டிவ் சஸ்பென்ஷனையும் ஆகப் பெரிய சக்கரத்தையும் ஒரே தொகுப்பில் கட்டி விற்கின்றன. ஒரு கையால் கொடுத்த சொகுசை மறுகையால் பிடுங்கும் இந்தப் பழக்கம் எனக்குச் சிறிதும் உடன்பாடானதல்ல. சிறிய சக்கரமும் சாதாரண சஸ்பென்ஷனும் கொண்ட வண்டி, பெரிய சக்கரமும் அடாப்டிவ் சஸ்பென்ஷனும் கொண்ட வண்டியைவிடக் குண்டும் குழியுமான சாலையில் மெதுவாகச் செல்லும்போது சுகமாக இருக்க வாய்ப்பு உண்டு.

பராமரிப்பைப் பற்றியும் பேச வேண்டும். எந்த ஷாக் அப்சார்பரும் நிரந்தரமானது அல்ல. பழைய வண்டியின் சக்கரத்துக்கு உட்புறம் குனிந்து பார்த்தால், ஷாக் அப்சார்பரின் உடலில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் தூசி படிந்து கறுத்த பசையாக ஒட்டியிருப்பது தெரியும். சாதாரண வகை என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அடாப்டிவ் வகையில் அதே கசிவுக்கு ஆகும் செலவு பல மடங்கு. அதோடு சென்சார், வயர், கனெக்டர் என்று பழுதாகக்கூடிய இடங்களும் கூடுகின்றன. மின்பகுதி செயலிழந்தால் பல வண்டிகள் எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு ஏதோ ஒரு நிலையான அடக்கத்துக்குத் திரும்பிவிடும். ஓட்ட முடியும், ஆனால் கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய பலன் அத்தோடு போய்விடும். வாரண்டி முடிந்த பிறகும் நெடுங்காலம் வண்டியை வைத்திருக்கும் எண்ணம் உள்ளவர்கள் இந்தச் செலவை வாங்கும் நாளிலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

என் கருத்து இதுதான்: அடிக்கடி வண்டி நிறைய ஆட்களோடு நெடுந்தூரம் செல்பவர்களும், டிரெய்லர் இழுப்பவர்களும், மலைச்சாலைகளில் புழங்குபவர்களும் அடாப்டிவ் சஸ்பென்ஷனுக்குத் தயங்காமல் பணம் கொடுக்கலாம். பெரும்பாலும் நகருக்குள் ஓரிருவராகச் சென்று, வண்டியைப் பத்தாண்டுக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு, சிறிய சக்கரத்தோடு வரும் சாதாரண சஸ்பென்ஷனே போதும். மிச்சமாகும் பணத்தில் தரமான டயர் வாங்கலாம். முடிவெடுக்கும் முன் இரண்டு வகையையும் ஒரே சாலையில், முடிந்தால் குடும்பத்தோடு, ஒருமுறை பின்வரிசையில் உட்கார்ந்தும் ஓட்டிப் பார்க்க வேண்டும். டயர்களின் காற்றழுத்தம் கதவுத் தூணில் குறிப்பிட்ட அளவில் இருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

தங்கள் மதிப்புரையாளர்களிடம் நான் வேண்டுவது: சோதித்த வண்டியின் சஸ்பென்ஷன் வகை, சக்கர அளவு, உள்ளே இருந்தவர்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒவ்வொரு மதிப்புரையின் தொடக்கத்திலும் குறிப்பிடுங்கள். கீழ்நிலை மாடலை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைக்காதபோது, சொகுசு பற்றிய கருத்து டாப் மாடலுக்கு மட்டுமே பொருந்தும் என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்