பாரம் எந்தக் காலில்?

கிளாஸ்கோ,
டிசம்பர் மாதம்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுறது,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாச்சு. கோவிச்சுக்காத. அப்பா, அம்மா, தங்கச்சி எல்லாரும் சுகம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்ல. இங்க இப்ப நாலு மணிக்கு முன்னாடியே இருட்டிடுது. நுவரெலியாக் குளிரெல்லாம் இதுக்குக் கிட்ட வராது. தேங்காய்ப்பூ ஐஸ்கட்டியா பாக்கெட்டில் கிடைக்குது, ரொட்டிக்குப் போடலாம், சம்பலுக்கு ஆகாது.

நீ வரையுற ஆளுங்கல்லாம் மரக்கட்டை மாதிரி நிக்கிறாங்கன்னு எழுதியிருந்த. உன் கையில் குத்தமில்ல. நீ முகத்தில் ஆரம்பிக்கிற. கண்ணும் மூக்கும் முடியுறதுக்குள்ள ஆள் அசைஞ்சிடுவாங்க, காலுக்குத் தாளிலும் இடம் இருக்காது.

கீழ்வீட்டுப் பெரியவர், அதான் ஜன்னலைத் திறந்துவச்சுப் பனியிலும் புறாவுக்குத் தீனி போடுறவர், அவர்தான் இங்க சித்திர வகுப்புக்கு மொடலா நிக்கிறார். உடுப்பில்லாமலும் நிப்பார், இங்க அது பாடம். அம்மாகிட்ட நீயே பக்குவமாச் சொல்லு. முதல்ல 30 செக்கனுக்கு ஒரு நிலை, அப்புறம் 1 நிமிஷம், 2 நிமிஷம், 5 நிமிஷம். நீண்ட நிலை கடைசியில்தான். 30 செக்கனில் ஓரக்கோடு போட நேரமே கிடைக்காது, அதனால பாரம் எங்க இறங்குதுன்னு மட்டும்தான் கண்ணு தேடும். அதுக்குத்தான் அந்த அவசரம்.

முதல் கோடு தலையிலிருந்து முதுகெலும்பு வழியா, பாரம் தாங்குற கால் வரைக்கும் ஒரே இழுப்பு. அடுத்தது தோளுக்கு ஒரு சாய்வுக்கோடு, இடுப்புக்கு ஒன்னு. ஒத்தைக் காலில் பாரம் போட்டு நிக்கிறப்ப அந்தப் பக்கத்து இடுப்பு மேல ஏறும், அதே பக்கத்துத் தோள் இறங்கும். ரெண்டையும் சமமாப் போட்டா மரக்கட்டைதான். அப்புறம் தொண்டைக்குழிக்கு நேரா பென்சிலைத் தூக்குநூல் மாதிரித் தொங்கவிட்டுப் பாரு, அந்த நேர்க்கோடு பாரம் தாங்குற பாதத்துக்குக் கிட்ட வந்து விழணும். விலகிப்போனா உன் படத்து ஆள் விழுந்துடுவாங்க. கையும் விரலும் கடைசியில். கையோட ரெண்டு ஓரத்தையும் நேருக்கு நேர் ஒரே மாதிரி வளைக்காத, குழாயாயிடும். ஒரு பக்கம் புடைக்கிற இடம் மறுபக்கத்துக்குக் கொஞ்சம் மேலயோ கீழயோதான் இருக்கும்.

மணிக்கட்டால வரையாத, தோளிலிருந்து கையை வீசு. பெரிய தாள் வேணும். பழைய பேப்பர் போதும். அழிறப்பரைத் தொடாத, தப்பின கோட்டுக்கு மேலயே சரியான கோட்டைப் போடு. பாதி நேரமாவது கண்ணு ஆள் மேல இருக்கணும்.

கரிக்குச்சிக்குக் காசு செலவழிக்காத. பென்சில் பருமனில் காஞ்ச குச்சிகளைப் பட்டை உரிச்சு, தகர டின்னில் நெருக்கி அடுக்கு. மூடியில் ஒரு ஆணித்துளை போட்டுத் தணலில் வை. துளையில் புகை நின்னதும் எடுத்து, நல்லா ஆறினப்புறம் திற. சூட்டோட திறந்தா காத்துப்பட்டுப் பத்திக்கும், சாம்பல்தான் மிஞ்சும்.

மொடலுக்கு நீ எங்கயும் போகவேணாம். தேயிலைக் கொழுந்து நிறுக்குற இடத்தில் வரிசையில் நிக்கிறவங்களைப் பாரு, களைச்சுப்போய் ஆளாளுக்கு ஒத்தைக் காலில்தான் நிப்பாங்க. கேட்டுட்டு வரை. மலைச்சரிவில் குறுக்கே நிக்கிறவங்களுக்குப் பள்ளத்துப் பக்கக் கால் நீண்டிருக்கும், மேட்டுப் பக்கத்து முழங்கால் மடங்கியிருக்கும். கூடைக்கயிறு தலையில் இருக்கிறதால கழுத்து முன்னுக்கு வந்து முதுகு குனியும். கூடை நிறைய நிறையக் குனிவும் கூடும். கண்டிக்குப் போனா திரினிட்டி கல்லூரித் தேவாலயத்தில் இலங்கை ஓவியர் டேவிட் பெயின்டர் வரைஞ்ச சுவரோவியங்களைப் பாரு. இயேசு சிலுவையில் தொங்குறதைக் கண்டல் காட்டுக்குள்ள வச்சிருக்கார். அந்த உடம்பில் பாரம் எங்க தொங்குதுன்னு கவனி.

அம்மா கூடையோட குறுக்குப்பாதையில் ஏறுறதை ஒன்னு வரைஞ்சு அனுப்புடா. போட்டோ வேணாம். அந்தக் கழுத்தை இங்க யார்கிட்டயும் காணல. தாளைப் பிடிச்சா எனக்கு அதுதான் ஞாபகம் வருது.

சரி, வீட்டு விஷயத்துக்கு வர்றேன். அப்பாவோட ஈபிஎஃப் (சேமலாப நிதி) பேப்பரை இன்னும் கிடப்பில் போடாதீங்க. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர் இருக்கிறதால, ரெண்டும் ஒரே ஆள்னு சமாதான நீதவான்கிட்ட சத்தியக்கடதாசி எடுக்கணும். மாமாவையும் கூட்டிக்கிட்டுப் போ, அப்பாவைத் தனியா அனுப்பாத. தங்கச்சியோட டியூஷனை நிறுத்தவேணாம். இந்த மாசம் ஹீட்டர் செலவு கொஞ்சம் கூடிப்போச்சு, வேற ஒன்னுமில்ல, அடுத்த மாசம் ரெண்டு மாசத்துக் காசையும் சேர்த்து அனுப்புறேன். குசினித் தகரத்தை மழைக்கு முன்னாடி மாத்தச் சொல்லு. சின்னம்மாகிட்ட வாங்கின காசை நான் அனுப்புறதிலிருந்து முதல்ல குடுத்துடுங்க.

அன்புடன்,
அக்கா