வாரத்தில் ஒரு பாடவேளை: மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை குறித்து ஆசிரியர்களின் திறந்த மடல்

மறைமாவட்டக் கல்விச் செயலர் தந்தை அவர்களுக்கும், பள்ளித் தாளாளர் தந்தை அவர்களுக்கும், தலைமை ஆசிரியை அருட்சகோதரி அவர்களுக்கும் பணிவான வணக்கம்.

மதிப்பீட்டுக் குழு வந்து போனதும், அதன் அறிக்கை ஆசிரியர் அறைப் பலகையில் ஒட்டப்பட்டதும் தாங்கள் அறிந்தவையே. ஆசிரியர் பெயர், நேரே நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு மதிப்பெண், அதற்கடுத்து தரவரிசை. பட்டியலின் மேலே இருப்பவர்களும் அடியில் இருப்பவர்களும் சேர்ந்துதான் இந்த மடலை எழுதுகிறோம். வரிசையில் பின்தங்கியவர்களின் மனத்தாங்கல் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். மதிப்பீடே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் வகுப்பறைக் கதவுகள் திறந்தே இருக்கின்றன.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு பாடத்துறைக்கும் வாரத்தில் ஒரு பாடவேளை, அத்துறை ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்கும்படி, கால அட்டவணையிலேயே ஒதுக்கித் தாருங்கள். அந்த வேளையில் யாருக்கும் மாற்றுப் பணி, அதாவது விடுப்பில் உள்ளவரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை, போடாதீர்கள். மாணவர்கள் எழுதியதை நடுவில் வைத்து நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து படிக்க அந்த நேரம் வேண்டும்.

இதை ஏன் மதிப்பீட்டோடு சேர்த்துக் கேட்கிறோம் என்றால், குழு கொண்டுவந்த படிவத்தில் கற்றல் என்று ஒன்றே இல்லை. குரல் தெளிவு, கரும்பலகைப் பயன்பாடு, துணைக்கருவி, வகுப்புக் கட்டுப்பாடு, பாடக்குறிப்பேட்டில் கையொப்பம் என எல்லாமே ஆசிரியரைப் பார்ப்பவை. பார்வையாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கிருந்து தெரிவது மாணவர்களின் முதுகு மட்டுமே. பாடவேளை முழுவதும் அவர் இருக்கவுமில்லை. இப்படி ஒரு பார்வை வருகிறது, மதிப்பெண்ணும் பலகையில் ஏறும் என்று தெரிந்தால் எந்தப் பள்ளியிலும் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது. முன்பே நடத்திய பாடம் மறுபடி நடத்தப்படுகிறது, விடை தெரிந்த பிள்ளைகளிடமே கேள்வி போகிறது, புரியாத பிள்ளை அன்று மட்டும் அமைதியாக இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது. குறையை மறைத்தால் மதிப்பெண் கூடும் என்ற நிலை இருக்கும்வரை எந்த ஆசிரியரும் தம் குறையைத் தாமாகக் காட்டமாட்டார்.

வகுப்பைப் பார்ப்பதற்கு நல்ல முறைகள் இருக்கின்றன. பாடத்துக்கு முன் பத்து நிமிடம் ஆசிரியரோடு பேசி, இன்று மாணவர் எதைக் கற்க வேண்டும், எங்கே தடுமாறக்கூடும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வகுப்பில் முன்பக்கம் ஓரமாக, முகங்களும் நோட்டுகளும் தெரியும் இடத்தில் உட்கார வேண்டும். நன்றாகக் கற்பவர் ஒருவர், நடுத்தரமானவர் ஒருவர், மெல்லக் கற்பவர் ஒருவர் என மூன்று பேரைத் தேர்ந்து, பாடவேளை முழுவதும் அவர்கள் என்ன எழுதினார்கள், எந்த இடத்தில் பேனா நின்றது, யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்ட பின் ஆசிரியர் எத்தனை விநாடி காத்திருக்கிறார் என்றும் கவனிக்க வேண்டும். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடியாக்கினாலே விடைகள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே ஆய்ந்து காட்டினார். பாடம் முடிந்து இரண்டு நாளுக்குள், நினைவு மங்குமுன், பார்த்தவரும் நடத்தியவரும் அந்தக் குறிப்புகளை வைத்துப் பேச வேண்டும். மதிப்பெண் வேண்டாம். அடுத்த முறை மாற்றிச் செய்ய ஒரே ஒரு விஷயத்தை முடிவுசெய்தால் போதும்.

இனி எங்களை உண்மையில் அழுத்தும் சிரமத்துக்கு வருகிறோம்: விடைத்தாள்.

ஐந்து பிரிவுகளுக்குக் கணிதம் எடுக்கும் ஆசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிவுக்கு 45 பேர் என்றால் 225 விடைத்தாள். ஒரு தாளுக்கு ஆறு நிமிடம் வைத்தால் 1,350 நிமிடம், அதாவது இருபத்திரண்டரை மணி நேரம். பள்ளியில் கிடைக்கும் ஓய்வு வேளைகளை மாற்றுப் பணி தின்றுவிடுகிறது. தாள்கள் வீட்டுக்குப் போகின்றன. திருத்தி முடிப்பதற்குள் பாடம் இரண்டு அலகு தாண்டிவிடுகிறது. பிள்ளை கைக்குத் தாள் வரும்போது அதில் இருப்பது சிவப்பு மையில் ஓர் எண். அவ்வெண்ணைப் பக்கத்துப் பிள்ளையின் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டுத் தாளை மடித்து வைக்கிறது. எங்கே தவறியது, ஏன் தவறியது என்று அதனோடு யாரும் பேசுவதில்லை. பேச நேரமில்லை. (a+b)² என்பதை a²+b² என்று எழுதிய பிள்ளை அடுத்த தேர்விலும் அப்படியே எழுதும், பொதுத் தேர்விலும் எழுதும். அது கவனக்குறைவால் வருவதன்று. 2(a+b) என்பதில் 2 உள்ளே போய் இரண்டையும் பெருக்குவதைப் பார்த்து, வர்க்கமும் அப்படியே உள்ளே போகும் என்று அது தர்க்கமாக நினைத்திருக்கிறது. a-க்கு 3, b-க்கு 4 கொடுத்து 49-ம் 25-ம் ஒன்றல்ல என்று பார்க்கவைத்து, பிறகு a+b பக்கமுள்ள சதுரத்தை வரைந்து அதில் இரண்டு ab செவ்வகங்கள் கிடப்பதைக் காட்டினால் அந்த எண்ணம் உடையும். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடம் யாருக்குத் தேவை என்று கண்டுபிடிக்கத்தான் நேரம் இல்லை.

வெறும் மதிப்பெண் உதவாது என்பதும் எங்கள் ஊகமன்று. கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துக் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண் மட்டும் பெற்றவர்களும், மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களும் அப்படி முன்னேறவில்லை. எண் இருந்தால் கண் அங்கேதான் போகும். இப்போது ஆசிரியர்களுக்கும் அதே எண்ணைத்தான் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள்.

துறைக்கு ஒரு பாடவேளை கிடைத்தால் என்ன செய்வோம் என்று கேட்பீர்கள். வாரத்தில் ஒரு நாள், வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில், எல்லாப் பிரிவுக்கும் ஒரே கேள்வி, சிறு தாளில். 225 தாளையும் மதிப்பெண் போடாமல் பார்த்து அடுக்க, தாளுக்கு அரை நிமிடம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். சரியானவை, வழி சரி ஆனால் கணக்கில் பிழை, கருத்தே பிழை என்று மூன்று அடுக்கு. மூன்றாவது அடுக்கைத் துறைக் கூட்டத்துக்கு எடுத்து வருவோம். ஒரே பிழை எல்லாப் பிரிவிலும் இருந்தால் பாடநூல் விளக்கத்திலோ எங்கள் பொதுவான அணுகுமுறையிலோ கோளாறு. ஒரு பிரிவில் மட்டும் இல்லையென்றால் அந்த ஆசிரியர் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார், அதை அவரிடமிருந்து மற்றவர்கள் கற்க வேண்டும். மறுநாள் வகுப்பின் முதல் பத்து நிமிடம் அந்தப் பிழைக்கு. இரண்டு வாரம் கழித்து அதே கருத்தில் வேறொரு கேள்வி, பிழை உண்மையில் போயிற்றா என்று பார்க்க. கடைசிப் படியை விட்டுவிட்டால் முழு முயற்சியும் வீண், ஏனென்றால் மறுநாள் சரியாகச் சொன்ன பிள்ளைகள் பலர் இரண்டு வாரத்தில் பழைய வழிக்கே திரும்பிவிடுவார்கள்.

பருவத் தேர்வு முடிந்ததும் வினாத்தாளையும் இப்படிச் சோதிக்க வேண்டும். மதிப்பெண் வரிசையில் மேலுள்ள 27 விழுக்காட்டினரையும் கீழுள்ள 27 விழுக்காட்டினரையும் பிரித்தால் 45 பேரில் பக்கத்துக்கு 12 பேர் வருவார்கள். ஒரு கேள்விக்கு மேலே 10 பேரும் கீழே 9 பேரும் சரியாக எழுதியிருந்தால், அந்தக் கேள்வி யார் புரிந்துகொண்டார் என்பதைச் சொல்லவே இல்லை. மிக எளிதாக இருந்திருக்கும், அல்லது மனப்பாட விடையைக் கேட்டிருக்கும். கீழே உள்ளவர்கள் மேலே உள்ளவர்களைவிட அதிகம் சரியாக எழுதியிருந்தால், வினாவிலோ விடைக்குறிப்பிலோ தவறு இருக்கக்கூடும். குழுவின் அறிக்கையில் இப்படி எதுவுமில்லை. வகுப்புச் சராசரி மட்டும் இருக்கிறது. சராசரி 58 என்ற இரண்டு வகுப்புகளில், ஒன்றில் எல்லோரும் 55-க்கும் 61-க்கும் இடையே நிற்கலாம், மற்றொன்றில் பாதிப் பேர் 85-லும் பாதிப் பேர் 31-லும் நிற்கலாம். இரண்டுக்கும் ஒரே தீர்வு எழுத முடியுமா?

சராசரியைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நூறு விழுக்காடு தேர்ச்சி என்ற பதாகைக்காக, பொதுத் தேர்வுக்கு முந்தைய ஆண்டில் மெல்லக் கற்கும் பிள்ளைகளின் பெற்றோரை அழைத்து, வேறு பள்ளி பாருங்கள் என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுக்கும் வழக்கம் நம் நிறுவனங்களில் உண்டு. கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி அறிக்கை, வறியோர், குடும்ப ஆதரவு அற்றோர், கிறிஸ்தவ நம்பிக்கைக் கொடை பெறாதோர் ஆகியோர்மீது கத்தோலிக்கப் பள்ளிகள் தனி அக்கறை காட்டவேண்டும் என்கிறது. வெளியே அனுப்பப்படும் பிள்ளைகளின் முகவரியைப் பாருங்கள், அவர்கள் யார் என்று தெரியும். அவர்களை வெளியேற்றிவிட்டு எட்டும் தேர்ச்சியை எங்கள் கற்பித்தலின் அளவாக வைக்காதீர்கள்.

மறைக்கல்வி, நன்னெறி வகுப்புகளிலும் திருப்பலி வருகையும் மனப்பாடச் செபங்களும் எண்ணப்பட்டன. கற்பிக்கப்பட்டது பிள்ளைக்குப் புரிந்ததா என்று கேட்கப்படவில்லை. அந்த ஆசிரியர்களிடம் சரியான போதனையும் வாழ்வுச் சான்றும் மட்டுமன்றிக் கற்பிக்கும் திறனும் இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 804. நம் பள்ளிகளின் கல்வித் தரம் அப்பகுதியின் மற்றப் பள்ளிகளுக்குக் குறையாமல் இருக்கும்படி பொறுப்பாளர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது 806. அப்பொறுப்பு வகுப்பறையில் எங்களுக்கு. நேரத்தை ஒதுக்குவதில் உங்களுக்கு.

கேட்க வந்ததை விட்டு விலகிப் பேசியிருந்தால் பொறுத்தருள வேண்டும். கேட்பது வாரத்தில் ஒரு பாடவேளை.

இடமில்லை என்று சொல்வீர்கள் என எதிர்பார்க்கிறோம். கால அட்டவணையை நிரப்பி முடித்த பிறகு தேடினால் இடம் கிடைக்காதுதான். முதலில் துறை வேளைகளைப் பதித்துவிட்டுப் பிறகு மற்றதை நிரப்ப வேண்டும். கணித ஆசிரியர்கள் கூடும் வேளையில் அவர்களது பிரிவுகளுக்கு மொழிப்பாடமோ உடற்பயிற்சியோ நூலகமோ வரலாம். அறிவியல் துறைக்கு வேறொரு நாள். ஆசிரியர் விடுப்பு எடுத்தால், மாற்றுப் பணிப் பட்டியலில் அன்று கூடும் துறையினரை விட்டு மற்றவர்களைப் போடலாம். புதிய பணியிடம் வேண்டாம், கட்டணம் உயர்த்த வேண்டாம். பாடத்திட்டம் முடியாது என்ற கவலையும் வேண்டாம். ஓய்வு வேளைகளில் ஒன்றைத்தான் பொதுவாக்கச் சொல்கிறோம். வகுப்பு வேளை ஒன்றுகூடக் குறையாது.

ஆசிரியர் கூடிப் பேசுவது நம் மரபுக்குப் புதிதுமன்று. 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்த புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால், தம் துறவுச் சபைச் சகோதரர்களில் அனுபவம் மிக்கவர்களோடு மீண்டும் மீண்டும் கலந்து பேசித்தான் பள்ளி நடத்தும் முறையை வகுத்தார். அது வகுப்பில் செய்து பார்த்துத் திருத்தப்பட்டு, அவர் மறைந்த மறு ஆண்டில், 1720-இல் அச்சேறியது.

பலகையில் உள்ள தரவரிசையை எடுத்துவிடும்படி வேண்டுகிறோம். அடுத்த பருவத்தின் கால அட்டவணையைத் தயாரிக்கும் கூட்டத்துக்கு ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவரை அழையுங்கள். துறை வேளைகளைப் பதித்த வரைவு அட்டவணையை நாங்களே எழுதிக் கொண்டுவருகிறோம். ஒரு பருவம் அதை நடத்திப் பார்த்துவிட்டு, மாணவர்களின் நோட்டுகளோடு உங்கள் முன் வந்து உட்காரவும் தயாராக இருக்கிறோம். தங்கள் பதிலைக் காலாண்டு விடுமுறைக்கு முன் எழுத்தில் தந்தருள வேண்டுகிறோம்.

மரியாதையுடன்,
அனைத்துப் பாடத்துறை ஆசிரியர்கள்