வாஷிங்டன் வளர்த்த செடி

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை பக்கத்து வீட்டுப் பொடியன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் காட்டினான். ‘ஜோர்ஜ் வாஷிங்டனே கஞ்சா வளர்த்தவர், பிறகேன் எங்களைப் பிடிக்கிறார்கள்?’ என்று எழுதியிருந்தது.

வளர்த்தது உண்மைதான். ஆனால் மவுண்ட் வேர்னன் தோட்டத்தில் அவர் பயிரிட்டது நாருக்கான வகை. கயிறு திரிக்கவும் மீன்வலை பின்னவும் அது வேண்டியிருந்தது. அதில் போதைப் பொருள் மிகக் குறைவு. ஆண் செடியைப் பெண் செடியிலிருந்து பிரிக்கப் பிந்திவிட்டது என்று 1765 ஆகஸ்டில் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். போதைக்கு வளர்ப்பவர்கள்தான் அப்படிப் பிரிப்பார்கள் என்று எண்ணி, அந்த வரியை வைத்தே அவரைப் புகைக்க வைத்துவிட்டார்கள்! நாருக்கு வளர்ப்பவர்களும் அப்படிப் பிரிப்பதுண்டு. எங்கள் துறைமுகத்துக்கு வந்த பிரித்தானியப் பாய்க்கப்பல்களின் வடங்களும் இதே செடியின் நாரில் திரித்தவைதானே.

பொடியன் விடவில்லை. “அப்ப ஒபாமா?” என்றான். சரி, அது வேறு கதை. கிளின்டன் 1992 தேர்தல் நேரத்தில், தொட்டேன், ஆனால் புகையை உள்ளே இழுக்கவில்லை என்று சொல்லிச் சிரிப்புக்கு ஆளானார். ஒபாமா, இளமையில் இழுத்தேன் என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். கனடாவின் ட்ரூடோ 2013இல் தானும் புகைத்ததாகச் சொன்னார். 2018இல் அவரது அரசு அதைச் சட்டபூர்வமாக்கியது. இலங்கைச் சட்டம் அப்படியில்லை என்பதை அந்தப் படத்தைச் செய்தவர் வசதியாக மறந்துவிட்டார்.

உங்கள் மாணவர் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு கட்டுரை போட்டால் நல்லது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.